காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் பிஎச்.டி.: உதவித்தொகையோடு சேர எங்கே தொடங்குவது?

புறணி:
உளவியலில் முதுகலை முடியப்போகிறது. இஇஜி (தலையில் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின் அலைகளைப் பதியும் முறை) வழியாக நினைவாற்றலை ஆராய விருப்பம். கைக்காசு போட்டுப் படிக்க வழியில்லை. தேடினால் ஸ்காலர்ஷிப் பட்டியல்களாகவே வருகின்றன. பணம் எந்த வழியில் வருகிறது, எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? பைதான் ஓரளவு தெரியும், போதுமா?

ஆல்ஃபா அலை:
பட்டியல்களை விடுங்கள். இந்தத் துறையில் பணம் பெரும்பாலும் லேபோடோ துறையோடோ சேர்ந்தே வருகிறது. லேபைத் தேடுங்கள், நாடு பிறகு.

அமெரிக்காவில் துறை மொத்தமாக ஆள் எடுக்கும். கெடு பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில், நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில். 5 அல்லது 6 ஆண்டு. கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் ஸ்டைபெண்ட், அதற்குப் பதிலாக வகுப்பெடுக்க உதவ வேண்டியிருக்கும். முதுகலை கட்டாயமில்லை.

ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இது பெரும்பாலும் சம்பள வேலை. விளம்பரம் ஆண்டு முழுக்க வரும். யூராக்சஸ், அகாடமிக் டிரான்ஸ்ஃபர் ஆகிய ஆய்வு வேலைவாய்ப்புத் தளங்களை வாரம் ஒருமுறை பாருங்கள். ஜெர்மனியில் லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் மூளையாய்வு நிறுவனம், நெதர்லாந்தில் நைமேகனின் டோண்டர்ஸ் மூளையாய்வு நிறுவனம் இரண்டின் பக்கங்களையும் தனியாகப் பாருங்கள். ஜெர்மன் விளம்பரத்தில் ‘டிவி-எல் இ13, 65%’ என்றிருந்தால், டிவி-எல் என்ற அரசுத்துறைச் சம்பள அட்டவணையில் இ13 நிலைக்கான முழுச் சம்பளத்தில் 65% கிடைக்கும் என்று பொருள்.

பலர் சறுக்குவது ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் திட்டத்தில். பணியில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், வேலை தரும் நிறுவனம் உள்ள நாட்டில் வசித்திருந்தால் தகுதி போய்விடும். விண்ணப்பம் எழுதும் முன்பே நாள்கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நடுமூளை:
பைதான் தெரியும் என்று எழுதினால் போதாது, காட்ட வேண்டும். ஓப்பன்நியூரோ என்ற திறந்த தரவுத் தளத்தில் ஒரு இஇஜி தரவை இறக்கி, எம்என்இ-பைதான் என்ற இஇஜி மென்பொருளில் ஆரம்பம் முதல் முடிவு வரை அலசி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள்.

கண் சிமிட்டலை நீக்க ஐசிஏ (கலந்த சமிக்ஞையைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் முறை) ஓட்டும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள். 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் வடிகட்டி நீக்கிய தரவிலேயே ஓட்டினால், மெதுவாக நகரும் அலைவுகள் கூறுகளைக் கலக்கிவிடும். நகல் ஒன்றில் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டி நீக்கி ஐசிஏவைப் பொருத்துங்கள், கிடைத்ததை 0.1 ஹெர்ட்ஸ் தரவின் மேல் செலுத்துங்கள். 1 ஹெர்ட்ஸ் தரவையே கடைசிவரை வைத்துக்கொண்டால் பி300 (ஒரு தூண்டலுக்குப் பிறகு மூளையில் எழும் அலை) போன்ற மெதுவான அலைகளின் உருவம் கெட்டுவிடும். எந்த எலக்ட்ரோடை ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். நேர்காணலில் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.

புறணி:
மிக்க நன்றி. பேராசிரியருக்கு மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

ஆல்ஃபா அலை:
கெடுவுக்கு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். 200 சொல்லுக்குள் நிறுத்துங்கள். அவருடைய சமீபத்திய கட்டுரையில் ஒரு வரைபடத்தைச் சுட்டி, ‘மறந்துபோன சொற்களுக்கும் தீட்டா மூளை அலை ஏறுகிறதே, அது கவனத்தின் விளைவா?’ என்பதுபோல ஒரே கேள்வி கேளுங்கள். பிறகு கிட்ஹப் சுட்டி. கடைசி வரியில் வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறாரா, அதற்கு நிதி இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். அதில் தயக்கம் வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

நடுமூளை:
இடம் கிடைத்ததும் கடிதத்தில் நான்கு விஷயம் பாருங்கள்: நிதி எத்தனை ஆண்டுக்கு உறுதி, கோடை மாதங்களுக்கும் வருமா, மருத்துவக் காப்பீடு உண்டா, வெளிநாட்டு மாணவருக்கான கூடுதல் கட்டணத்தை யார் கட்டுவது. பிரிட்டனில் கடைசிக் கேள்வி மிக முக்கியம். அங்கே சில ஸ்டூடண்ட்ஷிப்கள் (பிஎச்.டி. உதவித்தொகைகள்) உள்நாட்டுக் கட்டணத்தை மட்டுமே ஏற்கும். மீதி உங்கள் தலையில் விழும். பதிலை எழுத்தில் வாங்கிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.