நிழற்படங்களை டெஜாவூ கோப்பாக மாற்ற உதவி தேவை

வணக்கம். பழைய நூலொன்றின் 212 பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து, ஜேபெக் கோப்புகளாக வைத்திருக்கிறேன். அவற்றை ஒரே டெஜாவூ (DjVu, நூற்பக்கப் படங்களைச் சிறிய அளவில் சேமிக்கும் கோப்பு வடிவம்) கோப்பாகச் சுருக்க விரும்புகிறேன். இதற்கான டெஜாவூலிப்ரே (DjVuLibre) என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பிலுள்ள, வண்ணப் படங்களுக்கான சி44 (c44) கருவியில் மாற்றினால் எழுத்தோரங்கள் மங்குகின்றன; தாளின் பழுப்பு நிறமும் அப்படியே தங்கிவிடுவதால் கோப்பின் அளவும் போதுமான அளவு குறையவில்லை. படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி அதே தொகுப்பிலுள்ள சிஜேபி2 (cjb2) கருவியில் இட்டபோது அளவு வெகுவாகக் குறைந்தது; ஆனால், துகள்களை நீக்கும் தெரிவைச் சேர்த்ததும் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் சில இடங்களில் மறைந்து, ‘கண்’ என்பது ‘கண’ என்றாகிவிட்டது. தமிழ் நூலுக்கு இதைவிடப் பெரிய சேதம் வேறில்லை என்றே கருதுகிறேன். மடிப்போர நிழலை அகற்றவும், புள்ளிகள் கெடாமல் கறுப்பு வெள்ளையாக்கவும் எந்த மென்பொருளை, எந்த அமைப்புகளுடன் பயன்படுத்துகிறீர்கள்? பக்கப் படங்களைச் சீராக்கும் ஸ்கேன் டெய்லர் (Scan Tailor) மென்பொருளில் செய்வதானால் எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான படப்புள்ளிகளின் எண்ணிக்கை) வைக்க வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.