பழைய பெற்றோல் பேர்கசன் உழவு இயந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லை

கேள்வி (வெல்லாவெளி):
அப்பாவின் சின்னப் பேர்கசன், டிஈ20 மொடல், பெற்றோலில் ஓடுவது. போன பெரும்போக விதைப்புக்குப் பிறகு கொட்டிலில் கிடந்தது. கியர் தடியை எஸ் (ஸ்டார்ட்) பக்கம் தள்ளினால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. பற்றறி புதிது. அப்பா போன பிறகு இதை விற்க மனம் வரவில்லை. மாரி தொடங்க முதல் வயலில் இறக்க வேண்டும்.

பதில் (அக்கரைப்பற்று):
தம்பி, சாமான் எதுவும் வாங்க முதல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பெற்றோலில் நனைந்திருந்தால் தீப்பொறியில் கோளாறு. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை.

கேட்டவர்:
நாலும் காய்ந்துதான் இருக்கின்றன, அண்ணன்.

அக்கரைப்பற்று:
அப்படியென்றால் பழைய பெற்றோலை முழுக்க வடித்துவிடுங்கள். வார்னிஷ் மணம் வந்தால் அது உதவாது. தாங்கிக்குக் கீழுள்ள கிண்ணத்தைக் கழுவுங்கள். அப்புறம் காபரேற்றரைத் திறந்து ஜெட்டை, அதாவது பெற்றோல் போகும் சின்னத் துளையை, ஊதுங்கள். கம்பி மட்டும் விடவேண்டாம், துளை பெருத்துவிடும்.

பதில் (களுவாஞ்சிக்குடி):
பொயின்ற்றையும் (தீப்பொறிக்கான மின் தொடுமுனை) பாருங்கள், சும்மா கிடந்தால் பூத்துவிடும். பிளக் வயர் சிலிண்டர் 1-3-4-2 வரிசை, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பெற்றோல் சிந்திய இடத்தில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கவே கூடாது.

கேட்டவர்:
ஜெட்டில் கடுகளவு பச்சைப் பிசின், விளாம்பிசின் போல. ஊதியதும் தெறித்தது. இன்று காலை சோக்கை இழுத்துச் சுற்ற, மூன்றாம் தரம் பற்றிவிட்டது. சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா. நன்றி அண்ணன்மாரே.