சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டுக்குப் புதுசு: உட்கார்ந்து ஓட்டுற புல் மெஷின்ல இஞ்சின் போல்ட் உடைஞ்சிடுச்சு, அவசரம்

அறந்தாங்கி தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல இருந்து மலேசியாவுக்குப் புதுசா வந்திருக்கேன். சுங்கை சிப்புட் பக்கத்துல செம்பனை (பாம் ஆயில் மரம்) எஸ்டேட். மேனேஜர் பங்களா, ஆபீஸ் வாசல், திடல், கோயில் சுத்தி புல் வெட்டுறதுதான் எனக்குக் குடுத்த வேலை. இன்னிக்குக் காலைல ஓட்டிட்டு இருக்கும்போதே தடதடன்னு ஒரே ஆட்டம். மூடியைத் தூக்கிப் பார்த்தா இஞ்சின் மட்டும் தனியாக் குதிக்குது. ஒரு போல்ட்டுக்குத் தலையே இல்ல, இன்னொன்னு விரலாலயே சுத்துது. மண்டோர் (மேஸ்திரி) வந்து பார்த்துட்டு "நீ கல்லுல ஏத்தி ஒடச்சிட்ட, சம்பளத்துல பிடிப்பாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். நான் கல்லுல ஏத்தவே இல்லண்ணே. சனிக்கிழமை கோயில் திருவிழா, அதுக்குள்ள திடலை முடிக்கணுமாம். மிச்சம் இருக்குற போல்ட்டை இறுக்கி ஓட்டிடலாமா? புதுசு வாங்கணும்னா என்ன போல்ட் கேக்குறது? யாராவது சீக்கிரம் சொல்லுங்க. வீட்ல இன்னும் சொல்லல.

ஜொகூர் அண்ணன்:
தம்பி, போல்ட் கிடக்கட்டும். பாஸ்போர்ட் யார் கையில இருக்கு, அதைச் சொல்லு முதல்ல. நான் வந்தப்போ ஏஜென்ட் ஏர்போர்ட்லயே வாங்கி வெச்சுக்கிட்டான். ஊர்ல சொன்னது ஹோட்டல் வேலை, கொண்டுபோய் இறக்குனது குளுவாங் பக்கம் செம்பனைக் காடு. அந்த நீளக் கம்பைத் தூக்கிக் குலை அறுத்து அறுத்து கழுத்து ஒரு பக்கமா நின்னுடும். ராத்திரி படுத்தா தோள் எரியும். போன்ல அம்மாகிட்ட "நல்லா இருக்கேன்"னு சொல்லிட்டு வெச்சிடுவேன். அதனால சொல்றேன், அடுத்தவன் பாஸ்போர்ட்டை வெச்சுக்கிறது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். வேலை பெர்மிட் எந்த முதலாளி பேர்ல இருக்கோ அங்கதான் நீ வேலை செய்யலாம். கோவத்துலயோ பயத்துலயோ வெளிய மட்டும் ஓடிடாதே. ஓடிட்டேன்னு முதலாளி புகார் குடுத்தா பெர்மிட் ரத்தாயிடலாம், அப்புறம் உன் பக்கம் நியாயம் இருந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

ஈப்போ பட்டறை:
பாஸ்போர்ட் விஷயம் சரி, ஆனா தம்பி கேட்டது மெஷினைப் பத்தி. தம்பி, மிச்ச போல்ட்டை இறுக்கி ஓட்டாதே. இப்போதைக்கு அவ்வளவுதான் உறுதியாச் சொல்ல முடியும், ஏன்னா முக்கியமான எதையும் நீ எழுதல. மெஷின் என்ன பிராண்டு? மொத்தம் எத்தனை போல்ட்? போல்ட் தலை இஞ்சினுக்கு மேல தெரியுதா, இல்ல சட்டத்துக்குக் கீழ இருந்து ஏறுதா? உடைஞ்ச மிச்சம் சட்டத்துக்குள்ள மாட்டியிருக்கா, இஞ்சினோட அலுமினியத்துக்குள்ள மாட்டியிருக்கா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. போட்டோ போடு.

கிள்ளான் வெல்டர்:
எதுக்கு இவ்வளவு கேள்வி? உடைஞ்ச இடத்துல நாலு புள்ளி வெல்டிங் வெச்சா முடிஞ்சது. நான் வந்த புதுசுல லோரி பட்டறையில அப்படித்தான் எல்லாத்தையும் ஓட்டுனோம். சாமானுக்குக் காத்துக்கிட்டு இருந்தா முதலாளி சோறு போட மாட்டார். மெஷின் நின்னா ஆளும் நின்னுட்டான்னு கணக்கு. சனிக்கிழமை வேலை முடியணும்னா வெல்டிங்தான் வழி.

ஈப்போ பட்டறை:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க, வெல்டிங் கூடவே கூடாது. இந்த இஞ்சினோட அடிப்பாகம் அலுமினிய வார்ப்பு, கீழ இருக்குறது இரும்புத் தகடு. ரெண்டும் ஒட்டாது. பெட்ரோல் டாங்கி பக்கத்துலயே இருக்கு. நாளைக்கு இஞ்சினைக் கழட்டணும்னா அறுத்துத்தான் எடுக்கணும், அப்போ நிஜமாவே தம்பி தலையில விழும்.

ஓய்வு கிராணி:
பிள்ளை, நான் பேராக்கில் தோட்ட ஆபீஸில் கிராணியாக (குமாஸ்தா) இருந்து, செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதியே ஓய்வு பெற்றவன். சம்பளப் பிடித்தம் பற்றி மட்டும் சொல்கிறேன். எதையெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் பட்டியலே இருக்கிறது. மெஷின் உடைந்தது என்று மண்டோர் வாயால் சொல்லிப் பிடித்துவிட முடியாது. எதற்கும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே. பிடித்துவிட்டால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போ. வெளிநாட்டுத் தொழிலாளியும் அங்கே புகார் கொடுக்கலாம். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் சொக்சோ (வேலையில் அடிபட்டால் உதவும் காப்புறுதி) உண்டு. அந்த மெஷினால் உனக்கு அடி கிடி பட்டால் அதையும் மறைக்காமல் ஆபீஸில் பதிய வை.

தைப்பிங் அக்கா:
கிராணி ஐயா சொல்றது சரிதான், ஆனா இலாகாவுக்குப் போக எஸ்டேட்ல இருந்து பஸ் எங்க இருக்கு? வேலை நாள்ல யார் லீவு குடுப்பாங்க? நாங்க தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்போ தண்ணி வரலன்னு மனு எழுதி எழுதியே ஒரு தலைமுறை போச்சு. இப்போ நம்ம பிள்ளைங்க எல்லாம் டவுனுக்குப் போயாச்சு. அந்த வீடுகள்ல இப்போ வெளிநாட்டுப் பிள்ளைங்க இருக்காங்க. தண்ணி மட்டும் இன்னும் அப்படியேதான் வருது.

ஜொகூர் அண்ணன்:
உள்ளூர்ப் பிள்ளைங்க ஏன் போனாங்க? அந்தச் சம்பளத்துக்கு யார் இருப்பா? 2025 பிப்ரவரியிலதான் குறைஞ்ச சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆச்சு. அதுக்கு முன்னாடி நாங்க வாங்கினதை எழுதினா அழுகை வரும்.

ஓய்வு கிராணி:
சம்பளம் மட்டும் காரணம் இல்லை. வெள்ளைக்காரன் போகும்போது தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றான், சனங்கள் வேலையும் வீடும் சேர்ந்தே இழந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். ரப்பர்ப் பால் வெட்டிய சனங்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

கிள்ளான் வெல்டர்:
சொல்லலாம், ஆனா சனிக்கிழமை திடல் வெட்டணும் இல்லையா? வெல்டிங் வேணாம்னா துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட் போடச் சொல்லுங்க. எங்க வீட்டுக் கேட்டுல போட்டது இன்னும் பளபளன்னு இருக்கு.

அறந்தாங்கி தம்பி:
எல்லாருக்கும் நன்றி. பாஸ்போர்ட் என் பெட்டியிலதான் இருக்கு. ஸ்டிக்கர் வெளுத்துப் போச்சு, ஆனா அமெரிக்கா மெஷின்னு டிரைவர் அண்ணன் சொன்னார். மொத்தம் நாலு போல்ட், நாலுக்கும் தலை மேல இருந்துதான் தெரியுது. மிச்சத் துண்டு கீழ இரும்புச் சட்டத்துல நிக்குது. மத்தியானம் டவுன்ல தவுக்கே (சீன முதலாளி) கடையில பழைய போல்ட்டைக் காட்டி 8 மில்லி போல்ட் ஒன்னு வாங்கினேன். ஆடிக்கிட்டிருந்த போல்ட்டை எடுத்துட்டு அந்த ஓட்டையில போட்டுப் பார்த்தேன், ரெண்டு சுத்து சுலபமா ஏறுது, அப்புறம் இறுகிடுது. ஸ்பானர் போட்டு வலிக்கவா? உடைஞ்ச தலை தட்டுலயே கிடந்துச்சு, தூக்கிப் போடப் பார்த்தேன், போட்டோ எடுத்திருக்கேன்.

ஈப்போ பட்டறை:
தம்பி, ரெண்டு விஷயம். வலிக்காதே. அந்தத் தலையைத் தூக்கிப் போடாதே.

போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். உடைஞ்ச முகத்துல பெரும்பகுதி வழவழன்னு கறுத்து, உள்ள லேசாத் துரு ஏறி, வளைவு வளைவாக் கோடு ஓடுது. ஒரு ஓரத்துல மட்டும் சின்னதா, சொரசொரன்னு, புதுசாப் பளிச்சுன்னு இருக்கு. ஒரே அடியில கல்லுல மோதி உடைஞ்ச போல்ட் இப்படி இருக்காது, முகம் முழுக்கப் புதுசா இருக்கும். இது ரொம்ப நாளாக் கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு, மிச்சம் இருந்த ஓரம் இன்னிக்கு அறுந்திருக்கு. நீ வர்றதுக்கு முன்னாடியே தொடங்கின வேலை. போல்ட் இறுக்கமா இருக்கும்போது இஞ்சின் அடியும் சட்டமும் ஒன்னை ஒன்னு அழுத்திப் பிடிச்சிருக்கும், அதிர்வை அந்தப் பிடிதான் தாங்கும். தளர்ந்துட்டா ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் பக்கவாட்டுல வளைஞ்சு வளைஞ்சு நிமிரும், கடைசியில கம்பி ஒடியற மாதிரி ஒடியும். ஓட்டையைச் சுத்திச் சாம்பல் நிறத்துல மாவு மாதிரித் தூள் படிஞ்சிருக்கும் பாரு, அதுவும் பழைய தளர்ச்சிக்கு அடையாளம். துடைக்கிறதுக்கு முன்னாடி அதையும் போட்டோ எடு. மண்டோர்கிட்ட சண்டை வேணாம். நாளைக்குக் காலைப் பெரட்டுல (ஆள் கணக்கு எடுக்குற கூட்டத்துல) இல்லாம, ஆபீஸ்ல கிராணி முன்னாடி தலையைக் காட்டிப் பணிவாச் சொல்லு.

இப்போ போல்ட். அமெரிக்கா மெஷின்ல பெரும்பாலும் இன்ச் மரை. 5/16 இன்ச் போல்ட்டும் 8 மில்லி போல்ட்டும் தடிமன்ல ஒன்னுதான்னு தோணும். ஆனா இன்ச்ல 18 மரைன்னா மரைக்கு மரை 1.41 மில்லி, எம் 8 போல்ட்டுல 1.25. அதனாலதான் ரெண்டு சுத்துல சிக்குது. வலிச்சேன்னா சட்டத்துல இருக்குற மரை மொத்தமாப் போயிடும். சில மெஷின்ல 3/8 இன்ச் வரும், அதனால நல்லா இருக்குற ஒரு பழைய போல்ட்டோட போய், கடையில இன்ச் நட்டைக் கையால போட்டுப் பாரு. கடைசி வரை கையாலயே ஓடினா அதுதான் அளவு. சுங்கை சிப்புட்ல இல்லன்னா ஈப்போவுல போல்ட் மட்டும் விக்கிற கடைகள் இருக்கு. தலையில மூணு கோடு (வலுவைக் காட்டுற அடையாளம்) இருக்குறதைக் கேளு. ஸ்டெயின்லெஸ் வேணாம். வெல்டர் அண்ணே, கேட்டுக்கு அது நல்லது, ஆனா சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் மூணு கோட்டுப் போல்ட்டை விடச் சீக்கிரம் இழுபடும். நாலையும் மாத்து. உடையாத மூணும் அதே ஆட்டத்தைத் தாங்கினதுதான்.

தம்பி, கை வைக்கிறதுக்கு முன்னாடி பிளக் ஒயரைக் கழட்டு, பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டு, இஞ்சின் ஆறட்டும். மிச்சத் துண்டோட நுனி சட்டத்துக்குக் கீழ நீட்டிக்கிட்டு இருந்தா உனக்கு அதிர்ஷ்டம். துரு எண்ணெய் அடிச்சு ஒரு ராத்திரி விடு, கவ்வுற பிளையரால நுனியைப் பிடிச்சுக் கீழ்ப்பக்கமாவே திருகி வெளிய எடுத்துடலாம், இஞ்சினைத் தூக்கவே வேணாம். மேல இருந்து பார்க்கும்போது இறுக்குற திசைதான் அது, மறந்துடாதே. நீட்டலன்னா பெல்ட்டை இறக்கி, சைலன்சரைத் தளர்த்தி, ரெண்டு பேராச் சேர்ந்து இஞ்சினைத் தூக்கித்தான் எடுக்கணும். அதைத் தனியாச் செய்யாதே.

தைப்பிங் அக்கா:
சனிக்கிழமைக்குத் தோள்ல மாட்டுற மெஷின் ரெண்டு ஸ்டோர்ல இருக்கும், கேளு தம்பி. கோயில் வேலைன்னா லயத்துப் பிள்ளைங்களே வந்து நிப்பாங்க. திருவிழாவுக்காக உடைஞ்ச மெஷின்ல ஏறாதே. சாப்பிட்டியா?

அறந்தாங்கி தம்பி:
சாப்பிட்டேன் அக்கா. பட்டறை அண்ணே, நுனி நீட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு, நீங்க சொன்ன மாதிரியே கீழ வந்துடுச்சு. கிராணி போல்ட் தலையை வாங்கிப் பார்த்துட்டு மெஷின் புத்தகத்தை எடுத்தார். போன வருஷமே "இஞ்சின் ஆட்டம்"னு யாரோ எழுதி வெச்சிருக்காங்க. பிடித்தம் பத்தி யாரும் பேசல. திடலைத் தோள் மெஷின்ல நாலு பேராச் சேர்ந்து வெட்டிட்டோம். இன்ச் போல்ட் நாலும் வாங்கியாச்சு. ஆனா ஒரு ஓட்டை மட்டும் முட்டை வடிவமா ஆயிடுச்சு, மரை பிடிக்கல. என்ன செய்யுறது?

ஈப்போ பட்டறை:
அந்த ஓட்டைக்கு மட்டும் நீளமான போல்ட் போட்டு, சட்டத்துக்குக் கீழ தடிமனான வாசர், அதுக்கடியில நைலான் வளையம் வெச்ச நட்டு. நட்டு பெல்ட்டுலயோ பெல்ட் ஓடுற சக்கரத்துலயோ உரசுதான்னு கையால சுத்திப் பார்த்துட்டு இறுக்கு. மத்த மூணுலயும் எண்ணெயைத் துடைச்சிட்டு நீல நிறத் திரெட்லாக்கர் (மரை தளராமப் பிடிக்கிற பசை) ரெண்டு சொட்டு. ஸ்பானர்ல பைப் சொருகி இறுக்காதே, இஞ்சின் அடியில போல்ட் போற அலுமினியக் காது விரிசல் விடும்.

ஏன் தளர்ந்துச்சுன்னும் பார்த்துடு, இல்லன்னா புது போல்ட்டும் அதே வழியில போகும். பிளேடை ஓட விடாம இஞ்சினை மட்டும் போடு. ஆட்டம் சாதாரணமா இருந்து, பிளேடு போட்டதும் அதிகமானா கோளாறு கீழ. பிளேடைக் கழட்டி நடு ஓட்டையைச் சுவத்துல ஒரு ஆணியில மாட்டு. எந்தப் பக்கம் தாழுதோ அந்தப் பக்கத்தை அரத்தால ராவு, ரெண்டும் சமமா நிக்கணும். பிளேடு சமமா இருந்தும் ஆடுதுன்னா பிளேடு சுத்துற தண்டுல ஆட்டம் இருக்கான்னு பிடிச்சு அசைச்சுப் பாரு. பிளேடு போடாமலே ரொம்ப ஆடுதுன்னா கிராங்க் (இஞ்சினோட நடுத் தண்டு) வளைஞ்சிருக்கலாம், அது பட்டறை வேலை, நீ தொடாதே.

எல்லாம் முடிஞ்சதும் வெள்ளைப் பெயின்டால போல்ட் தலையில இருந்து இஞ்சின் அடி வரைக்கும் ஒரு கோடு இழுத்துடு, நாலுலயும். தினமும் வண்டி எடுக்கும்போது மூடியைத் தூக்கிக் கோட்டைப் பாரு. கோடு விலகியிருந்தா அன்னிக்கு ஓட்டாதே.