போர்ட்டபிள் கேபின் தரை மக்கிவிட்டது: மேலேயே புதுப் பலகை அடிக்கலாமா?

கேள்வி:
20க்கு 10 அடி கேபின். சி-சேனல் (‘C’ வடிவ இரும்புச் சட்டக்கம்பி) சட்டம், மேலே 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் வினைல் ஷீட். கதவோரம் 3க்கு 4 அடி அளவு மிதித்தால் அமுங்குகிறது. வினைலை உரித்தால் பிளைவுட் கறுத்து ஏடு ஏடாக வருகிறது. மேலேயே 12 மி.மீ. பலகை அடித்தால் போதாதா?

பதில் 1:
போதாது. மக்கிய பலகையில் ஸ்க்ரூ பிடிக்காது. அடைபட்ட ஈரம் நல்ல பகுதிக்கும் பரவும். தரை உயர்வதால் கதவும் தட்டும்.

முதலில் தண்ணீர் வரும் வழியைப் பிடியுங்கள். வெளிச்சுவரில் ஹோஸால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் விட்டு, ஒருவர் உள்ளே இருந்து பார்க்கட்டும். கதவு நிலையின் அடி, சுவர்த் தகடு சட்டத்தில் உட்காரும் மூட்டு, ஏசி வடிகுழாய், பெரும்பாலும் இவைதான்.

அடுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போய், கெட்டி தட்டும் இடத்தைத் தாண்டி இன்னோர் அடியில் கோடு போடுங்கள். கோடு சேனலின் நடுவில் விழ வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பலகையின் ஓரம் அந்தரத்தில் நிற்கும். அங்கே குறுக்கே 50x50 மி.மீ. ஆங்கிள் (‘L’ வடிவ இரும்பு) வைக்க வேண்டிவரும். கரன்ட்டை நிறுத்திவிட்டு, ரம்பத்தின் ஆழத்தை 17 மி.மீ.க்கு வைத்து அறுங்கள். மிச்சத்துக்கு உளி போதும்.

பதில் 2:
பழைய பலகை கழன்று வந்ததும் சேனலைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு மேலோடு என்றால் வயர் பிரஷ், பிறகு இரண்டு கை பிரைமர். செதில் செதிலாக உதிர்ந்து ஓட்டை விழுந்திருந்தால் பக்கத்தில் இன்னொரு சேனலைச் சேர்த்து போல்ட் போடாமல் மூடாதீர்கள்.

புதுப் பலகை மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் பிளைவுட்) ஆக இருக்கட்டும். அறுத்த ஓரங்களுக்கு எபாக்சி பிசின் பூச்சு அவசியம், தண்ணீர் ஏறுவதே அந்த வழியில்தான். மூட்டில் 3 மி.மீ. இடைவெளி. ஸ்க்ரூ, சிறகு வைத்த செல்ஃப் டிரில்லிங் (தானே இரும்பைத் துளைத்து இறங்கும் வகை). ஓரத்தில் 150 மி.மீ., நடுவில் 300 மி.மீ.க்கு ஒன்று. பலகையில் துளையை அகலப்படுத்துவது அந்தச் சிறகுதான்; சிறகில்லாததைப் போட்டால் ஸ்க்ரூவின் மரை பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், நடக்கும்போது கிறீச்சிடும்.

கேட்டவர்:
நன்றி. சுவருக்கு அடியில் போகும் பலகையும் மக்கியிருக்கிறது. அதை என்ன செய்வது?

பதில் 1:
மூலைத் தூண்கள் சட்டத்தோடு வெல்ட் ஆகியிருந்தால் கூரைச் சுமை அவற்றில்தான் இறங்கும், பயமில்லை. ஆனாலும் மொத்தமாக உருவாதீர்கள். ஓர் அடி நீளம் சுரண்டி எடுத்து, 18 மி.மீ. சிமென்ட் போர்டு துண்டைத் தட்டி ஏற்றி, பிறகு அடுத்த அடிக்குப் போங்கள். முழுத் தரைக்கும் அந்தப் போர்டே போடத் தோன்றினால், 8x4 ஷீட் ஒன்று 70 கிலோ அளவுக்கு வரும் என்பது நினைவிருக்கட்டும்.


பதில் 2:
வினைலுக்கு அவசரம் வேண்டாம். ஈரமானியில் பலகை 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு ஒட்டுங்கள். கேபின் அடியில் மண் அணைத்திருந்தால் அதையும் வாரிவிடுங்கள், காற்று ஓட வேண்டும்.