படத்தைச் சரித்துப் பிடிக்கச் சொன்னேன்

வன்னி நிருபர்:
காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் நடத்திய போராட்டம் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கியது. நான் போனது சில மாதம் கழித்து. ஒரு அம்மாவின் மடியில் மகனுடைய படம், லமினேற் செய்தது, வெயில் பட்டு மின்னியதில் முகமே விழவில்லை. கொஞ்சம் சரித்துப் பிடியுங்கோ அம்மா என்றேன். பிடித்தார். கமராவைப் பார்க்காமலே சொன்னார்: "வாற எல்லாரும் சரிக்கச் சொல்லினம் தம்பி. ஒருத்தரும் இவன்ர பேரைக் கேக்கேல்ல." மனித உரிமைச் செய்தி எழுதத் தொடங்கி எனக்கு அப்போது 12 வருடம். நானும் கேட்டிருக்கவில்லை.

மன்னார் அக்கா:
பெயர் கேட்காதது குற்றம் என்று எழுதுகிறீர்கள், எனக்கு உடன்பாடில்லை. 2008 இல் எங்கள் அண்ணாவைப் பற்றி ஒரு செய்தியாளர் நல்ல மனதோடுதான் எழுதினார், பெயர், ஊர், அம்மா சொன்ன வசனம் எல்லாம் அப்படியே. மூன்றாம் நாள் இரவு இரண்டு பேர் வந்தார்கள். கையில் அந்தப் பத்திரிகைத் துண்டு, ஒரு வரிக்குக் கீழே நீலப் பேனையால் கோடு. "இது நீங்கள் சொன்னதா?" அவ்வளவுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா எந்தச் செய்தியாளரோடும் பேசவில்லை.

பழைய உதவி ஆசிரியர்:
சோதனைச் சாவடியில் என் குறிப்புப் புத்தகத்தைப் பறித்தார்கள், அதில் ஏழு பேருடைய தொலைபேசி இலக்கம் இருந்தது, ஏழு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். இனி இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேளுங்கள். பெயர் ஒரு புத்தகத்தில், வாக்குமூலம் இன்னொன்றில். அனுமதியைப் பேசும் முன் ஒருமுறை, பேசி முடித்த பின் ஒருமுறை கேளுங்கள், அழுது ஓய்ந்த பிறகு பதில் மாறும். வீட்டில் இருக்கும் ஒரே படத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அதற்காகப் பயந்து சாட்சியத்தை மங்கலாக்கவும் வேண்டாம் தங்கச்சி. திருகோணமலையில் 2006 ஜனவரி 2 இல் ஐந்து மாணவர்களைக் கொன்றபோது கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றது படைத்தரப்பு, பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் சூட்டுக் காயம் தெரிந்தது. ஜனவரி 24 இல் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் கைக்குண்டுக் கதைதான் நின்றிருக்கும்.

வன்னி நிருபர்:
அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் அந்த அம்மாவிடம் மறுபடி போனேன். பெயர் கேட்டேன், எழுத்துப் பிசகக்கூடாது என்று அவரே என் கொப்பியில் எழுதித் தந்தார். பத்திரிகையில் போடவா என்றேன். "அவன்ர பேரைப் போடுங்கோ. என்ர வேண்டாம் தம்பி, வீட்டில இன்னுமொரு பொடியன் இருக்கிறான்."