மறு: ஃபிரிட்ஜில் வைக்கும் ஊறுகாய்க்கு ஒரு கலைச்சொல்

செ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டில் உணவைப் பதப்படுத்துவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ஓர் அத்தியாயத்தின் தலைப்பில் மட்டும் நிற்கிறேன். வெள்ளரி, கேரட், வெங்காயம், முள்ளங்கி இப்படி எதையாவது நறுக்கிக் கண்ணாடிச் சாடியில் அடுக்கி, வினிகரும் தண்ணீரும் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து மேலே ஊற்றி, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைப்பார்களே, அந்த வகை. இதைப் புளிக்கவைப்பதில்லை. காற்றுப் புகாமல் மூடிய சாடியை வெந்நீரில் இட்டுக் கொதிக்கவைக்கும் வேலையும் இல்லை. ஓரிரு நாளில் எடுத்துச் சாப்பிடலாம், சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

முதல் வரைவில் "குளிர்சாதனப் பெட்டி ஊறுகாய்" என்று போட்டேன். பக்கத்துக்குப் பக்கம் வருவதால் படிக்கும்போது மூச்சு வாங்குகிறது. வெறும் "ஊறுகாய்" என்று விடவும் மனம் வரவில்லை. ஊறுகாய் என்ற சொல்லைப் பார்த்தாலே வெளியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இது அப்படி இருக்காது. சுருக்கமாக ஒரு சொல் சொல்லுங்கள்.

இ. எழுதியது:

சொல் நம்மிடமே இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் "நறுவடி விதிர்த்த தகைமாண் காடி" என்று ஓர் அடி உண்டு. மாவின் வடுவைக் காடியில் இட்டுவைத்ததைச் சொல்கிறது. காடி என்றால் புளித்த நீர். வினிகருக்கு இதைவிடத் தமிழான சொல்லைத் தேடவே வேண்டாம். ஆகவே "காடிக்காய்". ஐந்தே எழுத்து. குளிர்சாதனம் என்பதில் உள்ள "சாதனம்" வடசொல், வினிகர் அயற்சொல். இரண்டையும் ஒரே வீச்சில் விட்டுவிடலாம்.

ப. எழுதியது:

இ. ஐயா, காடிக்காய் அழகான சொல்தான். ஆனால் செ. கேட்ட பொருளுக்கு அது போதாது. வினிகரில் இட்டு, சாடியோடு வெந்நீரில் கொதிக்கவைத்து, திறக்கும் வரை வெளியிலேயே வைக்கும் ஊறுகாயும் காடிக்காய்தானே? இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேட்டின் நோக்கமே போய்விடும்.

நுண்ணுயிரியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். ஊறுகாய் கெடாமல் இருப்பதற்குப் பல வழி உண்டு. உப்புநீரில் போட்டு வைத்தால் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் தாமே புளிப்பை உண்டாக்கும். இது நொதித்த வகை. இன்னொன்று, புளிப்பை நாமே வினிகராக வெளியிலிருந்து ஊற்றுவது. பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இறங்கிவிட்டால் பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் அங்கே வளராது. ஆனால் ஈஸ்ட், பூஞ்சை, காயை மென்மையாக்கும் நொதிகள் இவற்றைப் புளிப்பு முழுதாக அடக்குவதில்லை. வெந்நீரில் கொதிக்கவைப்பது அவற்றுக்காகத்தான். செ. சொல்லும் வகையில் அந்த வேலை இல்லையே, அதன் இடத்தைக் குளிர்தான் நிரப்புகிறது. 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே தொடர்ந்து இருந்தாக வேண்டும். பெயரிலிருந்து எதை எடுத்தாலும் குளிரை எடுக்காதீர்கள்.

மு. எழுதியது:

எல்லாரும் காயைப் பார்க்கிறீர்கள், யாரும் தொகையைப் பார்க்கவில்லை. ஊறுகாய் வினைத்தொகை. "காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை" என்பது நன்னூல். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் மூன்றும் அதற்குள் அடக்கம். காயை எடுத்துவிட்டுத் தொழிற்பெயராக்கினால் சொல் இன்னும் சுருங்கும், "ஊறல்". முன்னே குளிர்ச்சிக்கு "தண்". தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்பதால் தண் + ஊறல் "தண்ணூறல்" ஆகும். சொல்லிப் பாருங்கள், வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது.

த. எழுதியது:

மு. ஐயா மன்னிக்க வேண்டும், ஊறல் கூடவே கூடாது. "ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு" என்று செய்தித்தாளில் வந்தால் அது கள்ளச்சாராய ஊறல் என்று எல்லாருக்கும் தெரியும். மனையியல் வகுப்பில் கரும்பலகையில் இதை எழுதிவிட்டு நான் பாடம் நடத்தவே முடியாது. தண்ணூறலைப் பார்த்தவுடன் பாதிப் பேர் "தண்ணீரில் ஊறவைப்பது" என்று எடுத்துக்கொள்வார்கள். அதுதான் இந்தப் பாடத்தில் எனக்குள்ள பெரிய பயம். வினிகரின் நெடி பிடிக்கவில்லை என்று சொல்லித் தண்ணீரைக் கூட்டுகிறவர்கள் ஏராளம். 5 விழுக்காடு புளிப்புள்ள வினிகரும் தண்ணீரும் சம அளவு என்றால், அதற்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளட்டும். பெயரிலேயே தண்ணீரை நுழைக்க வேண்டாம்.

என் மாணவிகள் இதை "ஃபிரிட்ஜ் ஊறுகாய்" என்கிறார்கள். எல்லாருக்கும் புரிகிறது. அதையே வைத்தால் என்ன?

இ. எழுதியது:

> எல்லாருக்கும் புரிகிறது. அதையே வைத்தால் என்ன?

புரிகிறது என்பதற்காக எடுத்துக்கொண்டே போனால் பிறகு இந்தக் குழு எதற்கு? அயற்சொல் வரக் கூடாது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை, வந்தால் வடவெழுத்தை நீக்கி வா என்றார். ஃபிரிட்ஜ் என்று எழுத ஆய்தமும் பகரமும் சேர்ந்து ஓர் ஒலி, முடிவில் ஒரு கிரந்த ஜகரம். ஐந்து எழுத்துச் சொல்லில் தமிழாக இருப்பது எவ்வளவு என்று பாருங்கள். கலைச்சொல் நூறு ஆண்டுக்கு நிற்க வேண்டும். இன்று வகுப்பில் வசதியாக இருப்பது மட்டும் போதாது.

த. எழுதியது:

நூறு ஆண்டு நிற்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே புரியாத சொல் இரண்டாம் நாள் வரை நிற்பதில்லை. அறிவுரை எழுதியிருக்கும் தாளைப் படித்துவிட்டு ஒருவர் சாடியை அடுப்பு மேடையில் வைத்தால் அதன் பலன் அவர் வயிற்றுக்குத்தான் போகும். தெளிவாக இருப்பதும் தமிழுக்குச் செய்யும் தொண்டுதான் ஐயா.

மு. எழுதியது:

ஊறலை விட்டுவிடுகிறேன், செய்தித்தாள் சொன்னது சரிதான். ஆனால் "ஊறு" என்ற வினையை இன்னும் விட மனமில்லை. "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்னும்போது நீர் உள்ளிருந்து வெளியே வருகிறது. "வாலெயி றூறிய நீர்" என்பதிலும் அப்படியே. துணி ஊறுகிறது, அரிசி ஊறுகிறது என்னும்போதோ நீர் வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஒரே வினைக்கு இரண்டு திசை. அப்படியானால் ஊறுகாயில் எந்த ஊறு? உறு என்பதன் நீட்சியாகவே இரண்டையும் பார்க்கிறேன். உறுதல் என்றால் அடைதல், சேர்தல், தொடுதல். "சுவையொளி ஊறோசை நாற்றம்" என்பதில் ஊறு தொடுவுணர்வு. சாறு காயைத் தொட்டு உறவாடுவதே ஊறுதல். இதற்கு ஒரு தனி மடல் இழை தொடங்கலாமா?

ப. எழுதியது:

தனி இழை தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மு. ஐயா கேட்டது வேதியியலிலும் நல்ல கேள்வி. சாடிக்குள் இரண்டு திசையும் நடக்கிறது. உப்பும் சர்க்கரையும் மிகுந்த நீர் வெளியே இருப்பதால் வெள்ளரியின் உள்ளே உள்ள நீர் சவ்வூடு பரவி வெளியே வருகிறது. அதே நேரத்தில் அசிட்டிக் அமிலமும் உப்பும் உள்ளே போகின்றன. அதாவது மணற்கேணி ஊறலும் அரிசி ஊறலும் ஒரே சாடியில். காயைத் தடிமனாக நறுக்கினால் புளிப்பு நடுவரை போகக் கூடுதல் நேரமாகும். மெல்லிய வில்லை சீக்கிரம் தயாராவது அதனால்தான். வெளியே வரும் நீர் சாற்றைக் கொஞ்சம் நீர்க்கவைக்கும். அளவில் தண்ணீரைக் கூட்டக் கூடாது என்று த. சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

யோ. எழுதியது:

வணக்கம். ஈழத்து வழக்கையும் பதிவில் வைக்கிறேன். வினிகரை நாங்கள் வினாகிரி என்போம். போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல், ஆனாலும் கிரந்தம் இல்லாமல் தமிழ் ஒலிக்குள் அழகாக உட்கார்ந்துவிட்டது. இ. ஐயா கேட்கும் தகுதி இதற்கு இருக்கிறது. காடி என்பதில்தான் எனக்குத் தயக்கம். தச்சர் மொழியில் காடி என்றால் பலகையில் இழைக்கும் பள்ளம். அறிவியல் எழுதுகிற சிலர் அமிலத்துக்கே காடி என்கிறார்கள். அந்தக் கணக்கில் "காடிக்காய்" அமிலக்காய் ஆகிவிடும். சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் நன்றாக இல்லை.

இ. எழுதியது:

தச்சர் காடி வேறு சொல், ஒலி ஒன்றானதால் பொருள் குழம்பாது. திங்கள் என்றால் நிலவும் மாதமும் கிழமையும் ஆகிறதே, யாராவது குழம்புகிறார்களா? அமிலத்துக்குக் காடி என்பது புளிப்பிலிருந்து கிளைத்த பொருள். நம் கருத்துக்கு அது வலுத்தான் சேர்க்கிறது. சரி, குளிரைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் "தண்காடிக்காய்" என்று இருக்கட்டும்.

செ. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாளை மறுநாள் வெள்ளி என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

"உடனூறுகாய்", "விரைவு ஊறுகாய்" என்று தனி மடலில் இருவர் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் கையேட்டிலேயே விரைவு வகை என்று தனிப் பகுதி இருக்கிறது. நொதிக்கவைக்காமல் வினிகரில் போடுவது எல்லாம் அதில் அடங்கும், வெந்நீரில் கொதிக்கவைத்து வெளியில் வைப்பதும் சேர்த்து. ஆகவே விரைவு இங்கே அடையாளம் ஆகாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஊற்றுகிற அந்த நீருக்கு என்ன சொல்வது? உப்புநீர் என்று போட்டிருக்கிறேன், ஆனால் அதில் வினிகர்தான் முக்கியம்.

மு. எழுதியது:

"ஊறுநீர்". இதுவும் வினைத்தொகை.

த. எழுதியது:

ஊற்றுநீர் என்று படிப்பார்கள். மறுபடியும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். "வினிகர்ச் சாறு" என்று எளிதாகப் போடுங்கள். வினிகரும் உப்பும் சேர்ந்தது என்று அடைமொழியில் சொல்லிவிடலாம். அந்தப் பகுதியில் அயோடின் கலக்காத உப்பு என்று இருக்கும், விட்டுவிடாதீர்கள். அயோடின் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் சாற்றைக் கலங்கலாக்கும். பூண்டு போட்டால் சில நேரம் நீலமாகவோ பச்சையாகவோ மாறும், புளிப்பினால் வருவது, கெட்டதல்ல. அதையும் ஒரு வரி எழுதுங்கள், பார்த்துப் பயந்து கொட்டிவிடுகிறார்கள். வெள்ளரியின் பூமுனையைச் சீவி எறியச் சொல்லுங்கள். காயை மெத்தென்று ஆக்கும் நொதி அங்கேதான் அதிகம்.

மு. எழுதியது:

நேற்று இரவு யோசித்ததில் ஒன்று தோன்றியது. "குளிரூறுகாய்". குளிர் + ஊறுகாய், உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே. குளிரில் ஊறும் காய் என்று வேற்றுமைத்தொகையாகவும் விரிக்கலாம். எனக்குப் பிடித்தது இன்னொரு விரிவு. குளிர் என்பது வினையடியும் ஆகும், ஆகவே இதுவும் வினைத்தொகைதான். குளிர்ந்த ஊறுகாய், குளிர்கின்ற ஊறுகாய், குளிரும் ஊறுகாய். ப. கேட்டது இதுதானே? நேற்றும் இன்றும் நாளையும் குளிரிலேயே இருக்க வேண்டும் என்று. அந்த நிபந்தனையை இலக்கணமே சொல்லிவிடுகிறது.

ப. எழுதியது:

இதற்கு என் முழு ஆதரவு. ஒரே ஒரு குறை: புளிப்பு பெயரில் இல்லை. லிஸ்டீரியா போன்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. குளிர் இருந்தால் போதும், வினிகரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்துதான் காப்பு. ஆனால் ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. புளிப்பை வரையறையில் சொல்லிவிடுங்கள்.

த. எழுதியது:

எனக்கும் சம்மதம், பிரித்து எழுதினால். "குளிரூறுகாய்" என்று சேர்த்தால் "குளிரூறு காய்" என்று உடைத்துப் படிப்பார்கள், அப்படி ஏதோ ஒரு காய் இருப்பதுபோல. "குளிர் ஊறுகாய்" என்றால் சின்னக் குழந்தைக்கும் புரியும்.

யோ. எழுதியது:

குளிர் ஊறுகாய்க்கு ஒரு வாக்கு. வினாகிரியை அடைப்புக்குள்ளாவது போடுங்கள், எங்கள் வாசகர்களும் கையேட்டைப் படிப்பார்கள்.

இ. எழுதியது:

பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிகிறது, தடுக்கவில்லை. மறுப்பை மட்டும் பதிவு செய்கிறேன். குளிர் ஊறுகாய் என்பது எங்கே வைக்கிறோம் என்பதைச் சொல்கிறது, எதனால் ஆனது என்பதைச் சொல்லவில்லை. ப.வே அதை ஒப்புக்கொண்டார். புளிப்புக்குச் சங்கப் பாட்டு தந்த சொல் கையில் இருக்க, அதை வரையறைக்குத் தள்ளிவிட்டோம். கலைச்சொல் பட்டியலில் காடிக்காயை மாற்றுச் சொல்லாகவாவது சேர்க்க வேண்டும்.

செ. எழுதியது:

கோப்பு அனுப்பிவிட்டேன். தலைப்பிலும் உள்ளேயும் "குளிர் ஊறுகாய்", பிரித்தே. முதல் முறை வரும் இடத்தில் இப்படி இருக்கிறது:

"குளிர் ஊறுகாய்: வினிகர் (வினாகிரி, காடி), உப்பு சேர்த்த சாற்றில் ஊறவைத்து, செய்த நாள் முதல் தீரும் வரை குளிர்பதனப் பெட்டியிலேயே வைக்க வேண்டிய ஊறுகாய். வெளியில் வைக்கக் கூடாது. வினிகரின் அளவைக் குறைக்கக் கூடாது."

"சாதனம்" போய் "பதனம்" வந்திருப்பதை இ. ஐயா கவனித்திருப்பார். சொல்லடைவில் "காடிக்காய்: குளிர் ஊறுகாய் காண்க" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

இ. எழுதியது:

பார்த்தேன், நன்றி. ஆனால் "காண்க" போதாது. காடிக்காய் என்பது வினிகரில் இடும் எல்லா வகைக்கும் பொதுப்பெயர், குளிர் ஊறுகாய் அதன் உள்வகை. ப. அன்று எழுப்பிய மறுப்பே இதைத்தான் சொல்கிறது. பொதுப்பெயர் உள்வகையைப் பார்க்கச் சொல்லலாமா? அடுத்த பதிப்பில் திருப்பிப் போடுங்கள்.

மு. எழுதியது:

இதில் இ. சொல்வது சரி. உறு, ஊறு பற்றிய தனி இழையை இன்று மாலை தொடங்குகிறேன்.