ஐஇஎல்டிஎஸ் லிசனிங்கில் 6-ஐத் தாண்ட முடியவில்லை, உதவுங்கள்

மதுரை_நர்ஸ்:
வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிரிட்டனில் வேலை செய்ய என்எம்சி (அங்குள்ள நர்ஸிங் கவுன்சில்) பதிவுக்கு, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் லிசனிங்கில், அதாவது ஒலியைக் கேட்டு விடை எழுதுவதில், 7 பேண்ட் வேண்டும். வீட்டில் எழுதிப் பார்க்கும் மாதிரித் தேர்வுகளில் 40 கேள்விக்கு 23, 24 சரி, அதாவது 6 பேண்ட் என்றே நிற்கிறது. முதல் பகுதி பரவாயில்லை, நான்காம் பகுதியில்தான் மொத்தமும் போகிறது. ஒரு பதில் தவறிவிட்டால் அது என்னவாக இருக்கும் என்று யோசிப்பதற்குள் அடுத்த மூன்று கேள்விகளும் கடந்துவிடுகின்றன. டியூட்டி முடிந்து வந்து தினமும் ஒரு டெஸ்ட் போடுகிறேன், மார்க் அசையவே இல்லை. இங்கிலீஷ் படம் பார் என்கிறார்கள், அதுவும் பார்த்தாயிற்று. வேறு என்ன செய்யலாம்?

கோவை_பையன்:
அக்கா, 7 பேண்டுக்குச் சுமார் 30 விடை சரியாக வர வேண்டும். இன்னும் ஆறேழுதான். முதலில் எழுத்துப்பிழையைப் பாருங்கள். அக்காமடேஷன், வெட்னஸ்டே மாதிரி வார்த்தைகளில் ஒரு எழுத்து தப்பினாலும் மார்க் கிடையாது. பன்மைக்கு எஸ் விட்டாலும் அப்படித்தான். இரண்டு வார்த்தைக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தால் முன்னால் ஒரு 'தி' சேர்த்து மூன்றாக்கினாலே தப்பு. அப்புறம் தர்ட்டீன், தர்ட்டி குழப்பம். தர்ட்டியில் அழுத்தம் முதலில் விழும், தர்ட்டீனில் பெரும்பாலும் கடைசியில், 'டீன்' நீண்டு ஒலிக்கும்.

லீட்ஸ்_அக்கா:
தங்கச்சி, தினமும் டெஸ்ட் போடுவதை முதலில் நிறுத்து. டெஸ்ட் உன்னை அளக்குமே தவிர வளர்க்காது. இங்கே இங்கிலாந்தில் என் வார்டில் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் பலரும் இதில்தான் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஏற்கெனவே எழுதிய ஒரே ஒரு நான்காம் பகுதியை எடு. தவறிய இடத்தை மட்டும் பத்துப் பதினைந்து விநாடியாக நறுக்கி, திரும்பத் திரும்பக் கேட்டு, காதில் விழுவதை அப்படியே எழுது. பிறகு எழுத்துப் பிரதியோடு ஒப்பிடு. அப்போதுதான் தெரியும், வார்த்தை தெரியாமல் விட்டாயா, தெரிந்த வார்த்தையே சேர்ந்து ஒலித்ததால் விட்டாயா, இல்லை பேசுபவர் மாற்றிச் சொன்னதைக் கவனிக்கவில்லையா என்று. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பதில் தவறிவிட்டால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு உடனே அடுத்த கேள்விக்குப் போ. ஒலி ஒரே தடவைதான். நான்காம் பகுதியில் நடுவில் இடைவெளியும் இல்லை. ஆனால் கேள்விகள் பேச்சின் வரிசையிலேயே வரும், அதனால் அடுத்த கேள்வியின் முக்கிய வார்த்தையைக் கண்ணில் வைத்திருந்தால் வண்டியில் திரும்ப ஏறிவிடலாம். எப்போதும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே பார்க்கப் பழகு, இது ஒன்றே பாதி வேலை.

திருச்சி_ரவி:
சகோதரி, ஓஇடி பார்த்தீர்களா, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு? என்எம்சி அதையும் ஏற்கிறது, லிசனிங்கில் பி கிரேடு போதும். 42 கேள்விகள், எல்லாமே மருத்துவச் சூழல், முதல் பகுதியே நோயாளி பேசுவதைக் குறிப்பெடுப்பது. கட்டணம்தான் கூடுதல்.

மதுரை_நர்ஸ்:
நன்றி அண்ணா, இப்போதைக்குக் கட்டணம் இடிக்கிறது. அக்கா, நீங்கள் சொன்னபடி ஒன்றை நறுக்கிப் பார்த்தேன். பழைய காலக் குடியேறிகளின் வீடுகள் பற்றிய பேச்சு, சுவரை எந்தப் பொருளால் கட்டினார்கள் என்பது கேள்வி. நான் டிம்பர் (மரம்) என்று எழுதியிருந்தேன், விடை க்ளே (களிமண்). அந்தப் பேச்சிலேயே இன்னொரு இடத்தில் 'கான்ட்' என்றதை 'கேன்' என்று எடுத்துக்கொண்டு அர்த்தத்தையே தலைகீழாக்கிவிட்டேன்.

லீட்ஸ்_அக்கா:
டிம்பர் அவர் வாயில் வந்த வார்த்தைதான், அதுதான் பொறி. முதலில் ஒன்றைச் சொல்லி, அது கிடைப்பது அரிது என்பார், அப்புறம் 'ஸோ' அல்லது 'இன்ஸ்டெட்' போட்டு உண்மையான பதிலைச் சொல்வார். பட், ஹவெவர், ஆக்சுவலி காதில் விழுந்தால் எழுதியதை அடிக்கத் தயாராக இரு. முதல் பகுதியிலும் செவ்வாய் என்று சொல்லிவிட்டு வியாழனுக்கு மாற்றுவார்கள்.

கேன் விஷயம் உச்சரிப்பு. பிரிட்டிஷ்காரர் 'கேன்'னை வேகத்தில் 'கன்' என்று விழுங்கிவிடுவார், 'கான்ட்' மட்டும் நீண்டு அழுத்தமாக வரும். ஆஸ்திரேலியர் 'டுடே' சொன்னால் 'டுடை' மாதிரி கேட்கும். இதற்குப் படம் உதவாது, சப்டைட்டிலைத்தான் படித்துக்கொண்டிருப்பாய். பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சிக்கு எழுத்துப் பிரதியும் கிடைக்கும், டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிரதியைப் பார். டெஸ்ட் வாரக் கடைசியில் ஒன்று போதும்.

மதுரை_நர்ஸ்:
சரிக்கா. கம்ப்யூட்டரிலா பேப்பரிலா எழுதுவது?

கோவை_பையன்:
பேப்பர் தேர்வு கிடைத்தால், விடைத்தாளுக்கு மாற்றி எழுதக் கடைசியில் 10 நிமிடம் தருவார்கள். கம்ப்யூட்டரில் 2 நிமிடம்தான், சரிபார்க்க மட்டும். டைப்பிங் தடுமாறாது என்றால் கம்ப்யூட்டர் எடுங்கள் அக்கா, ஹெட்போன் தருவதால் ஒலி தெளிவாக இருக்கும். இப்போதிருந்தே போன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஹெட்போனில் கேட்டு, நேரடியாக டைப் செய்து பழகுங்கள்.

மதுரை_நர்ஸ்:
டைப்பிங் வரும் தம்பி, மருத்துவமனையில் தினமும் செய்வதுதான். கம்ப்யூட்டரிலேயே எழுதுகிறேன். தேர்வுத் தேதி போடுவதற்கு முன் தவறிய மற்ற கேள்விகளையும் இதே மாதிரி நறுக்கிப் பார்த்துவிட்டு, எந்த வகைத் தவறு அதிகம் என்று இங்கேயே எழுதுகிறேன் அக்கா.